இரண்டு தடவை கேட்டவர்

“உன் குக்கர் அடிச்ச மூணு விசில்ல என் பாட்டு போச்சு எமி!”

எழுத்து மாறாமல் இதுதான் அவர் சொன்னது. கேட்டைத் திறக்கும்போது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். விழவில்லை என்று மரியாதைக்குச் சொல்லாதீங்க, தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். உன் குக்கர். என் பாட்டு. கவனிச்சீங்களா? குக்கர் என்னுடையது, பாட்டு அவருடையது. அந்தக் குக்கரில் வெந்த பருப்பை முப்பத்தோரு வருஷமாகச் சாப்பிடுவது யாராம் என்று கேட்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவுக்குச் சுற்றிலும் ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறார். எவ்வளவு ஓங்கிச் சாத்தினாலும் பொத்தென்றுதான் விழும். இந்த வீட்டில் கோபத்துக்குக்கூடச் சத்தம் கிடையாது.

உட்காருங்கம்மா. பதினொரு மணிக்கு வரச் சொன்னால் பத்தே காலுக்கு வந்து நிற்கிறீங்க, நல்ல பழக்கம். வயலின் பெட்டியை மடியிலேயே வச்சுக்குங்க, தரையில் வைத்து யாராவது தட்டிவிட்டால் அதற்கும் என்னைத்தான் சொல்லுவார். நான் எமரென்சியா. உங்களை போனில் கூப்பிட்டாரே செபஸ்தியான், அவர் மனைவி. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ‘வீட்டுலேயே ஸ்டுடியோ வச்சிருக்கேன்’ என்று சொல்லியிருப்பார். வீட்டிலேயே! அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்ல என்ன அவசியம்?

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது எரிந்தால் உள்ளே பதிவு நடக்கிறது என்று அர்த்தம். அப்போது பேசக்கூடாது, இருமக்கூடாது, நாற்காலியை இழுக்கக்கூடாது. ஃபேன் கிடையாது. காலிங் பெல் வயரைப் பிடுங்கியாயிற்று. அதோ அந்தச் சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி இல்லை, டிக் டிக் என்று கேட்கிறதாம். பால்காரர் ஒற்றை விரலால் கேட்டைத் தட்டுகிறார், சாவு வீட்டுக்கு வந்த மாதிரி. இப்போது விளக்கு அணைந்திருக்கிறது, பேசலாம். உள்ளே அவள் வெந்நீர் குடித்துக்கொண்டிருப்பாள். நான் வைத்துக் கொடுத்த வெந்நீர்.

அவள் என்றால் மெர்லின். எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் மூன்று வருஷமாகப் பாடுகிறாள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிற வேலை. நன்றாகத்தான் பாடுகிறாள், இல்லை என்று நான் சொல்லவில்லை. மேலே போகும்போது அழகாகப் போகிறாள். கீழே இறங்கும்போதுதான், ஆட்டோ பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஒரு குலுக்கல். அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. எனக்கெதற்கு வம்பு?

இவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்தார். ரயில் பெட்டிக்கு சீட் செய்கிற பிரிவு. போன வருஷம் ரிட்டயர் ஆனார். ரிட்டயர் ஆனவர்கள் வேளாங்கண்ணிக்குப் போவார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்கப் போவார்கள். இவர் மகளுடைய அறைக்குள் போனார். எங்கள் மகள் கிளாடிஸ் கல்யாணமாகி மஸ்கட்டில் இருக்கிறாள், அறை காலி. தையல் மிஷினை அங்கே போட்டு ஜன்னலோரம் உட்காரலாம் என்று நான் நினைத்திருந்தேன். இவர் அறை நடுவில் நின்று கை தட்டினார். ஒரு தட்டு, அப்புறம் காதைச் சாய்த்துக் கேட்பது. அடுத்த மூலைக்குப் போய் இன்னொரு தட்டு. கொசு அடிக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

“அறை கூவுது எமி. கூவுறதை நிறுத்தணும்” என்றார்.

எதிரொலியைத்தான் அப்படிச் சொல்கிறார். நிறுத்தினார், ஆறு மாசம். தேங்காய் நாரை அழுத்திச் செய்த பலகைகளை வாங்கி வந்து, மரச்சட்டத்தில் அடைத்து, மேலே துணியை இழுத்துப் பிடித்து ஆணி அடித்து, சுவர் முழுக்க மாட்டினார். ரயில் சீட் செய்த கை பாருங்க, ஒரு சுருக்கம் இருக்காது. உள்ளே போனால் சுவரிலேயே சாய்ந்து தூங்கலாம் போலிருக்கும். ஜன்னலை அடைத்தார். என் ஜன்னல்! மைக் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, காதில் மாட்டுகிற ஹெட்போன் வந்தது. அவையெல்லாம் உள்ளே போயின. அவை வந்த அட்டைப் பெட்டிகள் மட்டும் என்னிடம் வந்தன, பத்திரமாக வைக்கச் சொல்லி.

அவ்வளவும் செய்தும், பாடுகிறவர் நிற்கிற இடத்தில் ஏதோ குறை. அப்போதுதான் என் அலமாரியைக் கண்டுபிடித்தார். சுவரோடு சேர்த்துக் கட்டின அலமாரி அந்த அறையில்தான் இருக்கிறது, என் புடவையெல்லாம் அதில்தான். நான் மடித்து அடுக்க மாட்டேன், ஹேங்கரில் தொங்கவிடுவேன். கான்வென்ட் போர்டிங்கில் பழகியது. முப்பத்திநான்கு புடவை. இவர் அலமாரிக் கதவு இரண்டையும் திறந்து வைத்து, புடவைகளுக்கு நேராக நின்று ஒரு தட்டு தட்டினார். கேட்டார். இன்னொரு தட்டு. முகம் அப்படி மலர்ந்துபோயிற்று. எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட அந்த முகம் இல்லை.

“உன் புடவைக்கு முன்னாடி நின்னு பாடினா குரல் குரலா இருக்குது எமி. அறை வந்து கலக்கலை.”

ஆக இப்போது என்ன நடக்கிறது? ஒரு மாசமாக ஒத்திகை என்று மெர்லின் என் அலமாரியைப் பார்த்து நின்றுகொண்டு பாடுகிறாள். சாமியார் மந்திரித்துக் கொடுத்த என் கல்யாணப் புடவை அவள் மூக்குக்கு இரண்டு சாண் தூரத்தில். அவள் மூச்செல்லாம் அதில் போய் விழுகிறது. கிளாடிஸ் ஞானஸ்நானத்துக்குக் கட்டினது, அவள் முதன்முதலாக நற்கருணை வாங்கின முதல்நன்மைக்குக் கட்டினது, எல்லாவற்றின்மேலும் மெர்லின் பாட்டு. போன ஞாயிறு பூசைக்கு நீலப் புடவையை எடுத்துக் கட்டினேன். கோயிலில் முழங்கால் போட்ட பிறகு ஒரு வாசனை வருகிறது. அவளுடைய பவுடர்! என் புடவையில்! பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லலாம் என்று பார்த்தேன். சொன்னால் ஃபாதர் பரிகார ஜெபத்தை அவளுக்கா கொடுப்பார்? எனக்கல்லவா கொடுப்பார்!

காபி ஆறுகிறது, குடிங்க. டபராவில் ஆற்றினால் சத்தம் என்று கப்பில் தந்திருக்கிறேன். பாருங்க, காபிக்கும் சட்டம்.

நீங்க முறையாகச் சங்கீதம் படித்தவங்க, உங்களுக்குப் புரியும். நானும் பாடினவள்தான். கான்வென்ட்டில் ஒன்பதாவதிலிருந்து நான் இரண்டாம் குரல். முதல் குரல் மேலே பாடும், இரண்டாம் குரல் அதற்கடியில் தனி மெட்டில் நடக்கும். கேட்கிறவர்களுக்கு அது தனியாகத் தெரியாது. அது நின்றால்தான் தெரியும். சிஸ்டர் பெர்னடெட் பியானோ மூடியைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பார். பாடுவதை மட்டுமல்ல, பாடச் சொன்னால் எப்போது எழுந்திருப்பது என்பதையும். முதல் தடவை கேட்டால், ‘வேண்டாம் சிஸ்டர்’. இரண்டாம் தடவை கேட்டால், ‘என்னைவிட நன்றாகப் பாடுகிறவர்கள் இருக்கிறார்கள் சிஸ்டர்’. மூன்றாம் தடவை கேட்டால் எழுந்து, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, பாட வேண்டும். கேட்டதும் எழுந்திருக்கிறவள் முந்திரிக்கொட்டை. ஒரு தடவை பிஷப் வந்திருந்தார். எங்கள் வகுப்பில் பாடுகிறவர்கள் பன்னிரண்டு பேர். ஒவ்வொருத்தியையும் மும்மூன்று தடவை கேட்டு முடிப்பதற்குள் பிஷப் ஆசீர்வாதம் கொடுக்காமலே சாப்பிடப் போய்விட்டார். இருக்கட்டும். மரியாதை என்று ஒன்று இருந்தது.

இது இவருக்குத் தெரியாதா? பெண் பார்க்க வந்த அன்றே தெரியுமே! மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள். ‘எனக்கென்ன தெரியும்’ என்றேன். மறுபடி கேட்டார்கள். ‘இப்போ என்ன அவசரம்’ என்றேன். எட்டிப் பார்த்தால் இவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்! நல்லவேளை, மாமியார் விவரமானவர். மூன்றாம் தடவை அவர் கேட்டார், நான் தலையாட்டினேன். இல்லாவிட்டால் இன்றைக்கு இந்தக் குக்கரும் இல்லை, பாட்டும் இல்லை.

இருங்க, சிவப்பு.

ம். அணைந்துவிட்டது. கதவிடுக்கில் கொஞ்சம் கசிந்ததே, கேட்டீங்களா? அந்தக் கீழே இறங்குகிற இடம்? குலுங்கியதா இல்லையா? நீங்க சொல்ல மாட்டீங்க, உங்களுக்கு எல்லாரும் வேண்டும்.

எங்கே விட்டேன்? முதல் தடவை. அறை முடிந்த அன்று சாயங்காலம், கையில் இருந்த நாரைத் தட்டிக்கொண்டே வந்து, “எமி, முதல் பாட்டு நீ பாடு” என்றார். “ஆமா, எனக்கு வேற வேலையே இல்லை பாருங்க” என்றேன். சரியான பதில்தானே? முதல் தடவைக்கு வேறென்ன சொல்வார்கள்?

இரண்டாவது, போன மாசம். மாதா திருவிழாவுக்கு ஃபாதர் ஒரு பாட்டு எழுதி, இவர் மெட்டுப் போட்டிருந்தார். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வராந்தாவில் நிற்கிறோம், மழை. “மெட்டு கொஞ்சம் கீழேயே நடக்குது ஃபாதர், எமிக்குத்தான் சரியா உட்காரும்” என்றார் இவர். நான், “ஐயோ, என் தொண்டையெல்லாம் போச்சு ஃபாதர், சின்னவங்க பாடட்டும்” என்றேன்.

இதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும்? நீங்களே சொல்லுங்க. ‘சேச்சே, உன் தொண்டைக்கு என்ன’ என்று சொல்ல வேண்டும். அதுதான் மூன்றாம் தடவை. நான் கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு தயாராக நிற்கிறேன். இவர் மழையைப் பார்க்கிறார். அப்போது மழைக்காக அங்கே வந்து ஒதுங்கிய மெர்லின், கையிலிருந்த குடையைக்கூட மடக்கவில்லை, “நான் பாடறேன் ஃபாதர்!” என்றாள். அவளை யாரும் கேட்கவே இல்லை. ஒரு தடவைகூட!

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். “ஏன், அங்க வாயைத் தைச்சா வச்சிருந்தாங்க?”

“நீதானே வேண்டாம்னுட்ட.”

“வேண்டாம்னா?”

“ரெண்டு தடவை சொன்னியே எமி. சிவப்பு விழுந்தா நிக்கணும். மீறி நான் எப்படி வர்றது?”

சீட் தைத்தவர், என்னமோ இஞ்சின் ஓட்டினவர் மாதிரி பேச்சு! நின்றாராம். முப்பத்தோரு வருஷத்தில் நான் போட்ட சிவப்பு எத்தனை இருக்கும், அத்தனையிலும் நின்றிருக்கிறார் மனுஷன். ஒன்றிலாவது ஹாரன் அடித்துப் பார்த்தாரா?

சரி, அவள் பாடட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு ஒன்றும் பொறாமை கிடையாது. பொறாமைப்படுகிறவளாக இருந்தால் வெந்நீர் வைத்துக் கொடுப்பேனா?

இந்தத் திங்கட்கிழமை நல்ல வெயில். புடவைக்கு வெயில் காட்டி எவ்வளவு நாளாயிற்று என்று தோன்றியது. முப்பத்திநான்கையும் எடுத்து மாடிக்குக் கொண்டுபோனேன். செவ்வாய்க்கிழமை பதிவு என்பது எனக்குத் தெரியும், தெரியாது என்று சொல்லவில்லை. ஆனால் வெயில் இவர் பதிவைப் பார்த்தா அடிக்கிறது?

செவ்வாய் காலை மெர்லின் வந்தாள், உள்ளே போனாள், பாடினாள். இவர் கேட்டுப் பார்த்தார். “தகர டப்பாக்குள்ள பாடுற மாதிரி இருக்கே” என்று மைக்கைத் திருகினார், வயரைப் பிடுங்கி மாட்டினார். அப்புறம் கை தட்டுகிற சத்தம். ஒரு தட்டு, இரண்டு தட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அலமாரிப் பக்கம் வருகிறது. அப்புறம் சத்தமே இல்லை. வெறும் ஹேங்கர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.

நான் சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் வாசற்படியில் வந்து நின்றார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த முகம் எனக்குத் தெரியும்மா. ஏதோ பெரிதாகக் கேட்கப்போகிற முகம். “எமி, ஒண்ணு கேட்கட்டுமா?” என்றார். மெர்லின் ஹாலில் இருக்கிறாள், அவள் காதில் விழும்படி கேட்கப்போகிறார். அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவினேன். முந்தானையைச் சரிசெய்தேன். தொண்டையைக்கூடக் கனைத்துக்கொண்டேன்.

“கேளுங்க” என்றேன்.

“அந்தப் புடவையெல்லாம் திரும்ப மாட்டுறியா?”

சிரிக்காதீங்க. சிரித்தாலும் பரவாயில்லை, விளக்கு எரியவில்லை. நான் சிரிக்கவில்லை. “இன்னும் வெயில் படணும்” என்றேன். அவ்வளவுதான், ஒரே தடவை. சரி என்று போய்விட்டார். தன்னுடைய பழைய கம்பளியெல்லாம் எடுத்து அலமாரியில் தொங்கவிட்டார். அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்: “கம்பளி எல்லாத்தையும் குடிச்சிடுது எமி. உன் புடவைதான் குரல்ல கொஞ்சம் மிச்சம் வைக்குது.” புடவையைப் பற்றி இவ்வளவு தெரிகிறதே, புடவைக்குள்ளே இருக்கிறவளைப் பற்றித் தெரிய வேண்டாமா?

புதன்கிழமை நானே கொண்டுவந்து மாட்டினேன். என்னால் பாட்டு கெட்டது என்று பேர் வரக்கூடாது. பட்டு கெடக்கூடாது என்று புதுசாக இரண்டு பாக்கெட் பாச்சை உருண்டையும் போட்டேன். மெர்லின் பல்லவியைத் தாண்டவில்லை. பதினோரு தும்மல். எண்ணினேன். பாவம், மூக்கெல்லாம் சிவந்துபோய் வெளியே வந்து இதே நாற்காலியில் உட்கார்ந்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? “அக்கா, அந்த இறங்குற இடத்துல எனக்குப் பிடி கிடைக்க மாட்டேங்குது. நீங்க கூடவே கீழ பாடினா நான் அதைப் பிடிச்சுட்டு இறங்கிடுவேன். அண்ணன்கிட்ட சொல்லட்டுமா?”

அவள் கேட்டால் அது கணக்கில் சேருமா? சேராது. என் வீடு, என் அலமாரி, என் வீட்டுக்காரர். என் வீட்டுப் பாட்டுக்கு என்னை அவள் அழைப்பதா? “உங்கண்ணன் வேலைல நீ தலையிடாதம்மா” என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். வரும்போது எனக்கென்று வாழைப்பூ வடை செய்து எடுத்து வந்திருந்தாள். நன்றாகத்தான் இருந்தது. உப்புக் கொஞ்சம் குறைவு.

இன்று காலை ஒன்பது மணிக்கு உருண்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார்கள். மூன்றாவது சரணம் வரை நன்றாகப் போயிற்றாம். கடைசியில் ‘தாயே’ என்று நீளமாக ஒரு பிடி. அங்கேதான் விசில். ஒன்றில்லை, மூன்று. மறந்துபோய் அடுப்பில் வைத்துவிட்டேன். மனுஷிக்கு மறதி வராதா? இந்த ஒரு மாசமாகச் சோறு வடித்துத்தான் கொட்டுகிறேன், குக்கரைத் தொடவே இல்லை. இன்றைக்குத்தான் தொட்டேன், இன்றைக்குத்தான் இப்படி. அதுதான் நீங்க கேட்ட சண்டை.

சோறு வடிக்கும்போது நான் பாட்டுக்கு இந்த மாதா பாட்டுக்கான இரண்டாம் குரலை முணுமுணுப்பேன். வாயைத் திறக்காமல்தான். எப்போது பாடினாலும் இவர் சமையலறை வாசலில் வந்து நிற்பார். நான் திரும்பிப் பார்த்ததும் போய்விடுவார். சத்தம் உள்ளே வரைக்கும் வருகிறதா என்று அளக்கிறார் போலிருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும். நேற்று தூசி தட்டப் போனபோது கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஒவ்வொருவர் பாடினதும் வாசித்ததும் கலர் கலராகக் கோடு மாதிரி ஓடுகிறது, இடது ஓரத்தில் பேர். மெர்லின், பச்சை. தபேலா, கீபோர்டு. அப்புறம் வயலின் என்று உங்களுக்கு ஒரு வரி. அது காலியாக இருக்கிறது, நீங்க இன்னும் வாசிக்கவில்லையே, அதனால். அதற்குக் கீழே இன்னொரு வரி, அதுவும் காலி. என் பேர் போட்டிருக்கிறது. ‘எமி’ என்று. ஒரு மாசத்துக்கு முந்தின தேதி வேறு.

இது எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்” என்றார். இருக்கட்டுமாம்! எனக்குப் புரியாதா? என் குக்கரும் மிக்சியும் எங்கெங்கே உள்ளே வந்து விழுகிறது என்று குறித்துவைக்க ஒரு வரி. குற்றப்பத்திரிகை. கட்டின பெண்டாட்டிக்குக் கம்ப்யூட்டரில் ஒரு குற்றப்பத்திரிகை!

நாளைக்குக் கொடியேற்றம். கொடி ஏறும்போது ஸ்பீக்கரில் இந்தப் பாட்டுதான். இன்று சாயங்காலம் ஃபாதரிடம் போய்ச் சேர வேண்டும். இப்போது மெர்லின் அந்தக் கடைசிப் பிடியை மறுபடி பாடுவாள், அடுத்தது நீங்க. உங்களோடு முடிந்தது. அதற்கப்புறம் ஒன்றும் செய்ய முடியாது, வருஷா வருஷம் அவள் குலுங்கின பாட்டுதான் ஒலிக்கும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. சிஸ்டர் பெர்னடெட் பார்த்தால் முட்டி போட வைப்பார். நீங்க உள்ளே போனதும், நான் சொன்னதாக இல்லாமல், நீங்களாகச் சொல்கிற மாதிரி, அவரிடம் சொல்லுங்க. உங்க வீட்டம்மாவை இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க என்று. ஒரே ஒரு தடவை. அதை மூன்றாவது என்று வைத்துக்கொள்கிறேன், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அப்படியே வாய் தவறிச் சொல்லிவிட்டாலும் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்க. சொல்லுவீங்களா?

ஏம்மா? சொல்லுவீங்களா?

என்ன, எதற்கு வாயில் விரல் வைக்கிறீங்க?

ஓ. எரிகிறதா.

சரி, பேச வேண்டாம். தலையையாவது ஆட்டுங்களேன்.